அந்தப் பக்கம் பதினொன்று, இந்தப் பக்கம் பதினொன்று

எருக்கங்குடி அமைதிக் குழுக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதுதான் தாலுக்கா ஆபீசில் மதிவதனிக்குப் பிடிக்காத வேலை. பி.ஏ. வரலாறு படித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராக வந்தவள், மாசி பிறந்தால் மடக்கு நாற்காலிகளை எண்ணிக்கொண்டு நிற்பாள். ஊர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் எத்தனையோ, காலனிக்காரர்களுக்கு அந்தப் பக்கமும் அத்தனை. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வடையும் அப்படித்தான், டீயும் அப்படித்தான். தாசில்தார் ஆதிநாராயணன் போட்ட சட்டம்.

“நம்ம கையில இருக்குறது தராசும்மா” என்பார். “எந்தப் பக்கம் கனம்னு பாக்குறது நம்ம வேலை இல்ல. முள்ளு நடுவுல நிக்குதா, அவ்வளவுதான்.”

மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்த வருஷம் ஓய்வு. சர்க்கரை நோயும் சண்டை பயமும் சேர்ந்து அவரை அரித்துக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் தாலுக்காவில் துப்பாக்கி வெடிக்காமல் இருந்தால் போதும் அவருக்கு.

அந்த வருஷக் கூட்டத்துக்கு ஊரிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். காலனியிலிருந்து ஐந்து பேர்தான். கரும்பு வெட்டு நேரம், மற்றவர்கள் கூலியை விட்டு வரவில்லை. தாசில்தார் காலியாகக் கிடந்த நான்கு நாற்காலிகளையும் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டார். வெளியே சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற நான்கு பேரைக் கூட்டி வந்து உட்கார வைத்தான் பியூன்.

“நான் மங்கலம்பேட்டைக்கு அந்தாண்டங்க, எனக்கு இந்த ஊரு விவகாரமே தெரியாதுங்க” என்றார் ஒருவர்.

“தெரிய வேணாம். ஒக்காரு. வடை சாப்புடு.”

மதிவதனி எருக்கங்குடி காலனிக்காரி. அது தாசில்தாருக்கும் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும். அதனால் அவளை இரண்டு பக்கத்துக்கும் நடுவில், சுவரோரமாக நிற்கச் சொல்லியிருந்தார். நின்றாள். வயிற்றெரிச்சலோடு நின்றாள்.

விவகாரம் பழையது. மாசி மகத்துக்கு ஊர் அம்மன் மணிமுத்தாற்றுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். போகும் வழி காலனி முனை. அங்கே அம்மன் நின்று எங்கள் தேங்காயையும் கற்பூரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது காலனிக்காரர்களின் கோரிக்கை. நிற்காது என்பது ஊரின் பதில். மத்தியானம் வரைக்கும் பேசி, டீ இரண்டு சுற்று ஓடி, கடைசியில் ஒரு முடிவு வந்தது. மதிவதனிதான் அதை டைப் அடித்தாள்: அம்மன் காலனி முனையில் நிற்காது, ஆனால் மெதுவாகச் செல்லும்.

“எவ்வளவு மெதுவா சார்?” என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி சிரித்துவிட்டார். “ஏம்மா, சாமிக்கு ஸ்பீடா மீட்டர் வெக்கணுமா?”

ஆனால் சண்டை சரியாக அங்கேதான் வந்தது.

ஏற்பாடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. சாராயக் கடை மூடியாயிற்று. வி.ஏ.ஓ.வை ஊரிலேயே படுக்கச் சொல்லியாயிற்று. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அமைதி காக்கச் சொல்லியாயிற்று. இரண்டு வேன் போலீஸ் வந்திறங்கியது. ஆனால் கூட்டம் ஆற்றில்தானே என்று இரண்டு வேனையும் ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். காலனி முனையில் லத்தியோடு நின்றது ஒரே ஒரு ஏட்டு.

பொழுது சாய்ந்து, தீவட்டி வெளிச்சத்தில் அம்மன் வந்தது. காலனிப் பெண்கள் தட்டோடு நின்றார்கள். மெதுவாக வந்த பல்லக்கு முனையைக் கண்டதும் ஓட ஆரம்பித்தது. “மெதுவான்னுதான எழுதிக் குடுத்தீங்க!” என்று ஒருவன் பல்லக்குக் கொம்பைப் பிடித்தான். அவன் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பிறகு கல். பிறகு முனையில் முதலாவதாக இருந்த வீராயியின் கூரை வீடு பற்றி எரிந்தது. தீவட்டி பிடித்து வந்த பச்சமுத்துதான் அதைக் கூரையில் செருகினான். பழைய பஞ்சாயத்துத் தலைவர் இராஜமாணிக்கத்தின் மகன் அவன். வீராயி வாசலிலேயே நின்று பார்த்தாள்.

அன்றைக்கு மதிவதனிக்கு மாசி மகச் சிறப்புப் பணி. டவுனில், ஆபீஸ் போன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். “எருக்கங்குடியில லேசா பிரச்சனை, கட்டுக்குள்ள வந்துடுச்சி” என்று போன் வந்தது. லேசா என்றுதான் அவளும் எழுதிக்கொண்டாள். விடிந்ததும் அம்மா கண்ணம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் லேசாக நடந்தது என்ன என்று தெரிந்தது.

“சேரன புடிச்சிட்டுப் போயிட்டாங்கடி.”

“அவன் கம்பெனிக்கில்லம்மா போயிருந்தான்?”

“கம்பெனி வுட்டு கடைசி பஸ்ஸுல எறங்குனான். எறங்குன எடத்துலயே புடிச்சி ஏத்திக்கிட்டானுவ.”

சேரன் அவள் தம்பி. பீங்கான் டிப்ளமா முடித்துவிட்டு, தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கரைத்த பீங்கான் மண்பாலை அச்சில் ஊற்றும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இராணிப்பேட்டைப் பக்கம் கரண்டு கம்பத்துப் பீங்கான் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று அவனுக்கு ஆர்டர் அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸில் கேஸ் இல்லை என்று சான்று கொண்டு வர வேண்டும். இரண்டு வருஷமாக அந்தக் கவருக்காகத்தான் போஸ்ட்மேன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம்.

நேராக இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் மறைக்கக்கூட இல்லை.

“ஊருப் பக்கம் பதினோரு பேரு. காலனிப் பொம்பளைங்களே பேர் சொல்லிக் காட்டுனாங்க, புடிச்சிட்டோம். காலனிப் பக்கம் ஆம்பளைங்க எல்லாம் கரும்புக்குள்ள பூந்துட்டானுவ. கடலூர்லேருந்து போன் மேல போனு, ரெண்டு பக்கமும் சமமா எடுத்தாச்சான்னு. என்னா பண்ண சொல்ற? வந்தவன், போனவன எல்லாம் ஏத்தி பதினொண்ணு ஆக்குனோம்.”

“என் தம்பி பஸ்ஸுலேருந்து எறங்குனவன் சார்.”

“தலை, கையி, சட்டையெல்லாம் சாம்பலா இருந்துச்சேம்மா. எரிஞ்ச வூட்டாண்டதான் இருந்திருக்கான்னு நம்ம பி.சி. சொல்றான்.”

“சாம்பல் இல்ல சார். பீங்கான் மண்ணு. இந்த டவுன்ல பாதி ஜனம் அப்படித்தான் வீட்டுக்குப் போவுது.”

“பி.சி. தர்மபுரிக்காரன்மா. பந்தோபஸ்துக்கு வந்தவன். அவனுக்கு என்னா தெரியும்?” என்றார். பிறகு கொட்டாவி விட்டார். இரண்டு நாளாகத் தூங்காத கொட்டாவி. “தாசில்தார பாரு.”

பிடித்தவர்களை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மணமகன் வீட்டார் உட்காரும் பக்கம் ஊர்க்காரர்கள், மணமகள் வீட்டார் பக்கம் காலனிக்காரர்கள். நடுவில் சமுக்காளம் போட்டு நான்கு போலீஸ்காரர்கள். இரண்டு பக்கமும் எலுமிச்சை சோற்றுப் பொட்டலம். சாயங்காலம் மாஜிஸ்திரேட்டிடம் காட்டி கடலூர் ஜெயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேஸ் கேஸ்தான்.

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சேரன் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான். உதடு வீங்கியிருந்தது.

“அக்கா, நீ தாலுக்கா ஆபீஸுதான? ஒரு வார்த்தை சொல்லி வெளிய எடுக்கா. திங்கக்கிழமை போவலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவான்.”

“சொல்றன்டா.”

“ஞாயம் பேசாத. கெஞ்சு. ஒனக்குக் கெஞ்சவே வராது, அதான் பயமா இருக்குது.”

போய்க் கெஞ்சினாள். வராததை வரவழைத்துக் கெஞ்சினாள். தாசில்தார் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“ஒன் தம்பி ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா.”

“அப்ப வுட்டுடலாமே சார்.”

“வுட்டா அந்தப் பக்கம் பதினொண்ணு, இந்தப் பக்கம் பத்து. ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுருவானுவ. இன்னும் ரெண்டு வூடு எரியும். ஒங்க தெருதான் எரியும், எங்க தெரு இல்ல.” நாற்காலியில் சாய்ந்தார். “இராஜமாணிக்கம் காலையில வந்தாரு. பையன வுட்டுடுங்கன்றாரு. பச்சமுத்து ஒண்ணு, சேரன் ஒண்ணு. ரெண்டு பேரயும் வுட்டா பத்துக்குப் பத்து. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“பச்சமுத்துதான சார் வீடு கொளுத்துனது?”

“அந்தம்மா வீராயி அப்படி சொல்லுது. இருட்டுல சரியா தெரியலன்னு ஒரு ஸ்டேட்மெண்டு குடுத்துச்சின்னா முடிஞ்சது. நான் கூப்புட்டா பயப்படும். நீ கூட்டிக்கிட்டு வா. ஒங்க தெருதான, நீ சொன்னா கேக்கும்.”

ஒன்றும் செய்யாதவன் வெளியே வரவேண்டுமானால், செய்தவனும் கூடவே வரவேண்டும். படித்த படிப்பில் எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு கணக்கு வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வாய் துறுதுறுத்தது. சேரனின் உதடு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீராயியை எருக்கங்குடி ஸ்கூலில் தங்கவைத்திருந்தார்கள். கணவன் இல்லை. ஒரே மகள் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அரசாங்கம் கொடுத்த நிவாரண அரிசி, வேட்டி, சேலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பு பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். அதே அரிசி, வேட்டி, சேலை ஊர்ப் பக்கம் வைக்கோல் போர் சரிந்த ஒருவருக்கும் போயிருந்தது.

“வா பாப்பா. தம்பிக்காவ வந்தியா?”

மதிவதனி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “யார் சொன்னாங்க அத்தை?”

“யாரு சொல்லணும்? டவுன்லேருந்து திரும்புனதும் ஒங்கம்மா மூணு தடவ வந்து, ஒண்ணும் சொல்லாமப் போவுது. கேக்க வந்தத கேளு.”

கேட்டாள். தாசில்தார் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். தேன் தடவவில்லை. தடவினால் அந்த அம்மாவை ஏமாற்றியதாக ஆகும், தடவாமல் சொன்னாலும் கேட்பது அதேதான் என்பது சொல்லும்போதே உறைத்தது.

வீராயி கால் விரலால் தரையைத் தேய்த்தாள்.

“பச்சமுத்துவ சின்ன புள்ளையிலேருந்து தெரியும். அவங்க கொல்லையில களை எடுத்தவதான நானு. கூரையில செருவிட்டு என்னைய பாத்து, ‘எட்டப் போ கெழவி’ன்னான். எரியறது எம் மேல வுழுந்துடப் போவுதுன்னு அக்கறையாம்.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. “அவன உள்ள வச்சா மட்டும் என் வூடு மொளைக்குமா? வரன். ஆனா ஒண்ணு. பொய்ய என் வாயால சொல்ல மாட்டன். நீ சொல்லு, படிச்சவ நீதான். நான் தலைய ஆட்டுறன்.”

தாசில்தார் அறையில் நாற்காலிகள் ஒழுங்காகப் போட்டிருந்தன. ஒரு பக்கம் இராஜமாணிக்கம், வெள்ளை வேட்டி கசங்காமல். எதிர்ப் பக்கம் வீராயி, காலடியில் நிவாரண மூட்டையோடு. உட்கார மாட்டேன் என்றவளைத் தாசில்தாரே உட்கார வைத்தார். ஜன்னலோரம் இன்ஸ்பெக்டர். மூலையில் டைப்ரைட்டர் முன்னால் மதிவதனி. கண்ணம்மாள் வெளியே வராந்தாவில் தூணைப் பிடித்தபடி நின்றாள்.

“சொல்லும்மா மதி, அந்தம்மா என்ன சொல்லுது?”

“அவங்களுக்கு... சரியா தெரியலயாம் சார்.” சொல்லிவிட்டாள். தானே சொன்னதுபோல இல்லை.

“அப்படித்தானம்மா?”

வீராயி தலையை ஆட்டினாள்.

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இராஜமாணிக்கம், “நல்ல மனசு வீராயி ஒனக்கு. கூரைக்கு மூங்கில் வேணும்னா நம்ம கொல்லையில வந்து வெட்டிக்க” என்றார். தாசில்தார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மதிவதனியின் விரல்கள் பழக்கத்தில் ஓடின.

“எனது கூரை வீடு தீப்பற்றி எரிந்தபோது, மிகவும் இருட்டாக இருந்தபடியால்...”

விரல் நின்றது.

“என்னம்மா, ரிப்பன் போச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார்” என்றாள். “வீடு எரியும்போது எப்படி சார் இருட்டா இருக்கும்?”

வேண்டுமென்று கேட்கவில்லை. காலையிலிருந்து பல்லைக் கடித்து வைத்திருந்தது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தின் முட்டாள்தனத்தில் இடறி வெளியே வந்துவிட்டது.

தாசில்தார் கோபிக்கவில்லை. “ஆமா, நல்லா இல்லதான். புகையாக இருந்தபடியால்னு போடு.”

“புகையாக இருந்தபடியால், முகம் தெரியவில்லை. பொருத்தமா இருக்குது” என்றார் இராஜமாணிக்கம்.

அவ்வளவுதான் வேலை. ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொரு சொல். அரை மணியில் சேரன் வெளியே வந்து உதட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பான். மதிவதனி அந்தச் சொல்லின் மேல் எக்ஸ் அடிக்கக் கையைத் தூக்கினாள். கை இறங்கவில்லை. இந்த ஆள் மூங்கில் கொடுக்கிறாராம். அவர் மகன் கொளுத்திய வீட்டுக்கு அவர் மூங்கில் கொடுத்து, அதற்கு வீராயி கைகூப்பி, அதையும் நல்லிணக்கம் என்று இவள்தான் டைப் அடிக்க வேண்டும்.

காகிதத்தை மெஷினிலிருந்து உருவினாள்.

“புகையும் இல்ல சார், இருட்டும் இல்ல. தீவட்டிய கையில புடிச்சிருந்தவரு முகம் தெரியாம போவுமா? பச்சமுத்துதான். அத்தை பாத்தாங்க, எங்கிட்ட சொன்னாங்க. என் தம்பி அந்த நேரத்துக்கு பஸ்ஸுல இருந்தான், கண்டக்டர கூப்பிட்டுக் கேளுங்க. ரெண்டும் வேற வேற சார். ரெண்டையும் ரெண்டா எழுதுங்க.”

இராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். “சார், என்னைய கூப்புட்டு ஒக்கார வச்சி அசிங்கப்படுத்தவா?” வீராயி பக்கம் திரும்பினார். “நீ தலைய ஆட்டுன, இது இப்படிப் பேசுது. எதும்மா நெசம்?”

வீராயி மடியில் கிடந்த கைகளையே பார்த்தபடி இருந்தாள்.

அவர் போன பிறகு தாசில்தார், “ரெண்டு பேராவது வெளிய போவட்டும்னு பாத்தேன்மா” என்றார். “ரெண்டா எழுதுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. இருந்தாலும் தைரியம் இல்ல. நீ இன்னிக்கு லீவுன்னு நெனச்சிக்கிறேன். போ.”

வராந்தாவில் வைத்து வீராயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏண்டி, சொல்றதுன்னா அங்க ஸ்கூல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? என்னைய தலைய ஆட்ட வச்சிட்டு, அந்தாளு முன்னாடியே என்னைய பொய்க்காரி ஆக்கிட்டியே! நாளைக்கு அவங்க கொல்லையிலதான நான் களை எடுக்கணும்?”

“தப்புதான் அத்தை.” நடந்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் மனசு ஒப்பவில்லை.

சாயங்காலம் மண்டபத்து வாசலில் வேன் வந்து நின்றது. அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன் என்று மாற்றி மாற்றி ஏற்றினார்கள். பச்சமுத்துவும் ஏறினான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் ஏறினான். அவனுக்கும் இருபது வயதுதான். சேரன் படியில் கால் வைத்தவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். யாரோ அதற்குள் அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

“வெளிய எடுன்னு சொன்னனே தவிர, ஞாயம் பேசுன்னு சொன்னனா? உள்ள போறது நானு. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல.”

“பின்ன?”

“காலையில வக்கீலக் கூட்டிக்கிட்டு கடலூர் வரன்டா. கண்டக்டரயும் கூட்டிக்கிட்டு வரன்.”

“திங்கக்கிழமைக்குள்ளயா?”

தர்மபுரிப் போலீஸ்காரர் அவன் தோளைத் தள்ளினார். வேன் கதவைச் சாத்தினார்கள். பாலக்கரைப் பக்கம் திரும்பும்வரை கண்ணம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மகளைத் திட்டுவாள் என்று மதிவதனி காத்திருந்தாள். அதுவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எருக்கங்குடி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மூன்று பெண்களும் ஏறி, மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தெருக்காரர்கள் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் முன் சீட்டில் குசுகுசுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோது மதிவதனி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நேற்று கடைசி நடைக்கு வந்தவரா இவர்? கேட்டாள். இல்லை, அவருக்கு இன்றைக்கு ஓய்வு, வேப்பூர் பக்கம் ஊர் என்றார். பேரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

இறங்கும் இடத்தில் முனை கருகிக் கிடந்தது. வேன் போலீஸ் இப்போதுதான் அங்கே கூடாரம் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூலைப் பார்த்து இரண்டு அடி வைத்த வீராயி நின்றாள்.

“நாளைக்கு ஸ்கூலு தொறக்குதாம். காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். “இன்னிக்கு ஒங்க வூட்டுலதான் படுக்கணும் கண்ணம்மா. வேற எடம் இல்ல.”

கண்ணம்மாள் அவள் கையிலிருந்த நிவாரண மூட்டையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வா. இவ பாயில படு” என்றாள். “இவ வெறுந்தரையில கெடக்கட்டும்.”